டைட்டேனியமும் ஒரு சிட்டிகைக் கலப்பும்: புல்மோட்டை மணல் நமக்குச் சொல்வது

அக்குறணையிலோ கண்டி நகரிலோ நகை வாங்கச் செல்லும் எவரும் '22 கரட்' என்னும் சொல்லைக் கேளாது திரும்புவதில்லை. 24 பங்கில் 22 பங்கு பொன், எஞ்சிய இரு பங்கு செம்பு, வெள்ளி போன்ற பிற உலோகங்கள் என்பதே அதன் பொருள். தூய பொன் மிக மென்மையானது. அதனை அப்படியே வளையலாக்கி அணிந்தால் விரைவில் நெளிந்து தேய்ந்துவிடும். அந்தச் சிறு கலப்பே அதற்கு உறுதியைக் கொடுக்கிறது. கலப்பு என்றதும் அதனைக் குறைபாடாகக் கருதுவது நமது வழக்கம். ஆனால் எதை, எவ்வளவு, எப்போது கலக்க வேண்டும் என அறிந்து செய்யப்படும் கலப்பு குறைபாடன்று. உலோகவியல் என்னும் துறையின் உயிர்நாடியே அதுதான்.

இந்தப் பழைய உண்மை இன்று டைட்டேனியம் என்னும் உலோகத்தின் வரலாற்றைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறது. விமானப் பாகங்கள் முதல் மனித உடலில் பொருத்தப்படும் செயற்கை மூட்டுக்கள் வரை, முப்பரிமாண அச்சிடல் என்னும் புதிய முறையினால் இவ்வுலோகத்தில் உருவாக்கப்படுகின்றன. அவ்வாறு அச்சிடப்படும் டைட்டேனியத்தில் காணப்பட்ட பெருங்குறையொன்றை, வேறு தனிமங்களைச் சிறிதளவு சேர்ப்பதன் மூலம் நீக்கலாம் என ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். டைட்டேனியத்தின் மூலப்பொருளை நமது கடற்கரையிலேயே வைத்துக்கொண்டு, அதனை மணலாகவே விற்றுவரும் ஒரு நாட்டின் மக்கள் என்ற வகையில், இந்த ஆய்வுகளின் பொருளை நாம் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

மணலில் பிறந்த உலோகம்

நமது பாடநூல்களில் தைத்தேனியம் என அழைக்கப்படும் இவ்வுலோகம் கண்டறியப்பட்டதே மணலில்தான். 1791ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் கிடைத்த கரிய மணலை ஆராய்ந்த வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார், அதில் அதுவரை அறியப்படாத ஓர் உலோகம் இருப்பதை உணர்ந்தார். 1795இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் கிளாப்ரொத் அதற்கு டைட்டேனியம் எனப் பெயரிட்டார். எனினும் அதனைப் பெருமளவில் பிரித்தெடுக்கும் வழி அடுத்த ஒன்றரை நூற்றாண்டு காலம் கிடைக்கவில்லை. லக்ஸம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் உருவாக்கிய முறையே இன்றுவரை உலகெங்கும் பெரிதும் கையாளப்படுகிறது.

இதன் அருமை எளிதில் விளங்கக்கூடியது. ஒரு கன சென்ரிமீற்றர் உருக்கு ஏறத்தாழ 7.8 கிராம் நிறையுடையது. அதே அளவு டைட்டேனியமோ 4.5 கிராம் மாத்திரமே. ஆயினும் தகுந்த கலப்பின் பின் அது பல உருக்கு வகைகளுக்கு ஈடான உறுதியைக் காட்டுகிறது. கடல்நீரிலும் உடலின் திரவங்களிலும் அது துருப்பிடிப்பதில்லை. எலும்பு இவ்வுலோகத்தோடு ஒட்டி வளரும் என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் பிரானெமார்க் 1950களில் கண்டறிந்தார். 1965இல் அவர் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு டைட்டேனியப் பல்வேர்களைப் பொருத்தினார். அன்று தொடங்கிய பயணமே இன்றைய இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, மண்டையோட்டுத் தகடு வரை வந்திருக்கிறது.

அருமையைப் போலவே இதன் விலையும் பெரிது. டைட்டேனியம் ஒட்சிசனை மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் இரும்பைப் போலக் கரியோடு சூடாக்கி அதனைப் பிரித்துவிட முடியாது. தாதுவை முதலில் குளோரினுடன் தாக்கமுறச் செய்து ஒரு திரவமாக மாற்ற வேண்டும். பின்னர் அதனைத் தூய்மையாக்கி, காற்றுப் புகாத கலத்தில் உருகிய மக்னீசியத்துடன் பல நாட்கள் தாக்கமுறச் செய்ய வேண்டும். இறுதியில் கிடைப்பது கடற்பஞ்சைப் போன்று துளைகள் நிறைந்த உலோகம். அதனை உருக்குவதும் கடைவதும் மேலும் செலவை ஏற்படுத்தும். ஒரு பாகத்தைக் கடைந்தெடுக்கும்போது விலையுயர்ந்த உலோகத்தின் பெரும்பகுதி சீவல்களாகக் கழிந்துவிடுவதும் உண்டு.

அச்சிடலின் வரமும் அதன் குறையும்

இந்த வீண்விரயத்தைத் தவிர்க்க வந்ததே முப்பரிமாண அச்சிடல். மாவைப் போன்று நுண்ணிய உலோகத் தூளை மெல்லிய படையாகப் பரப்பி, கணினியின் கட்டளைப்படி லேசர் கதிரால் வேண்டிய இடத்தை மாத்திரம் உருக்குகின்றனர். அது உறைந்ததும் அதன்மீது அடுத்த படை. ஒவ்வொரு படையும் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு தடிப்புடையதே. தூளைக் குழாயினூடாக நேரே லேசரின் அடியில் ஊட்டி உருக்கும் முறையும் உண்டு. நோயாளியின் எலும்பைப் படம்பிடித்து, அந்த அளவிற்கே பொருந்தும் மூட்டினை உருவாக்குவது இதனால் இயலுவதாயிற்று.

ஆயினும் இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. உருகிய உலோகம் உறையும்போது எண்ணற்ற சிறு பளிங்குகளாக உறைகிறது. அரிசிமணிகளைக் குவித்தாற்போல் அவை சிறியனவாகவும் எல்லாத் திசையிலும் ஒத்த அளவினவாகவும் அமைந்தால் உலோகம் எத்திசையிலும் சமமான உறுதியைக் காட்டும். அச்சிடப்படும் டைட்டேனியத்தில் நிகழ்வது இதற்கு மாறானது. லேசர் ஒரு படையை உருக்கும்போது கீழேயுள்ள படையின் மேற்பகுதியும் சற்று உருகுகிறது. புதிய படை உறையும்போது கீழிருந்த பளிங்குகளே மேல்நோக்கித் தொடர்ந்து வளர்கின்றன. இவ்வாறு படைகள் பலவற்றை ஊடுருவி, கமுகந்தோட்டத்து மரங்களைப் போல நீண்ட பளிங்குத் தூண்கள் எழுந்துவிடுகின்றன. விறகை அதன் நாரோட்டத்தில் பிளப்பது எளிது, குறுக்கே வெட்டுவது கடினம் என்பதை அறிவோம். அதுபோல் அவ்வுலோகமும் ஒரு திசையில் ஒரு பலத்தையும் மறு திசையில் வேறு பலத்தையும் காட்டத் தலைப்படுகிறது.

ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை உடலின் பாரத்தைத் தாங்க வேண்டிய இடுப்பு மூட்டிலோ, பறக்கும் விமானத்தின் பாகத்திலோ இத்தகைய நிச்சயமின்மை ஏற்கத்தக்கதன்று. அலுமினிய வார்ப்பில் இதுபோன்ற சிக்கலைத் தீர்க்கச் சிறிதளவு டைட்டேனியமும் போரனும் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். வேடிக்கை என்னவெனில், அலுமினியத்திற்கு உதவும் டைட்டேனியத்திற்கு அதேபோல் உதவக்கூடிய ஒரு சேர்க்கை எளிதில் கிடைக்கவில்லை. 1950களில் உருவாக்கப்பட்டு இன்றும் மிக அதிகமாகப் பயன்படும் டைட்டேனியக் கலப்புலோகத்தில் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் உள்ளன. அவ்விரண்டும் உறுதியைத் தருகின்றனவேயன்றி, பளிங்குத் தூண்களின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை.

சிறு சேர்க்கைகள் செய்த பெருமாற்றம்

முதல் ஒளி போரனிலிருந்து வந்தது. டைட்டேனிய வார்ப்பில் 0.1 சதவீதம் அளவே போரன் சேர்த்தால் பளிங்கு மணிகளின் அளவு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்பதைத் தமிரிசகண்டல என்னும் இந்திய வம்சாவளி ஆய்வாளரும் அவரது அமெரிக்க சகாக்களும் 2005இல் வெளியிட்டனர். நூறு கிலோ உலோகத்தில் நூறு கிராம் போரன் என்பதே இந்த அளவு. பெங்களூரில் அமைந்துள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் பேராசிரியர் ராமமூர்த்தியும் அவரது மாணவர்களும் அவர்களோடு இணைந்து, இச்சேர்க்கை உலோகத்தின் உறுதியை எவ்வாறு மாற்றுகிறது என்பதை 2007இல் விரிவாக ஆராய்ந்து எழுதினர். ஆனால் போரனுக்கு ஓர் எல்லை உண்டு. அளவு மிஞ்சினால் ஊசிபோன்ற கடினத் துணிக்கைகள் பெருகி, உலோகம் எளிதில் முறிந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி உலோகத்திற்கும் பொருந்துகிறது.

அடுத்தது செம்பு. 2019 டிசம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், மெல்பேர்ன் நகரின் ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற நிறுவனங்களின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து டைட்டேனியத்துடன் செம்பைக் கலந்து அச்சிட்டுக் காட்டினர். இங்கு நிகழ்வதை விளங்கிக்கொள்ள உப்புநீரை நினைத்துப் பார்க்கலாம். உப்புநீர் உறையும்போது பனிக்கட்டி உப்பைத் தன்னுள் ஏற்காமல் வெளியே தள்ளுகிறது. அதுபோல உறையும் டைட்டேனியமும் செம்பின் பெரும்பகுதியை முன்னேயுள்ள திரவத்துக்குள் தள்ளிவிடுகிறது. இதனால் பளிங்கின் நுனியை ஒட்டிய திரவத்தின் உறைநிலை தாழ்ந்து, அப்பளிங்கின் வளர்ச்சி தளர்கிறது. சற்று அப்பாலுள்ள திரவமோ தன் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிட, அங்கே புதிய பளிங்குகள் பிறந்து பழைய தூண்களின் வழியை மறிக்கின்றன. விளைவாக, நெடிய தூண்களுக்குப் பதிலாக நுண்ணிய மணிகள் கிடைத்தன. செம்பு கிருமிகளை எதிர்க்கும் தன்மையுடையது என்பதால், மூட்டுப் பொருத்தலின் பின் ஏற்படும் தொற்றைக் குறைக்க அது உதவுமா என்ற கோணத்திலும் டைட்டேனிய-செம்புக் கலப்புகள் ஆராயப்பட்டு வருகின்றன.

எனினும் நம்மைப் போன்ற நாட்டினர் அதிகம் கவனிக்க வேண்டியது 2023 மே மாத இறுதியில் அதே சஞ்சிகையில் வெளியான மற்றோர் ஆய்வையே. ஆர்.எம்.ஐ.ரி., சிட்னி, ஹொங்கொங் பொலிடெக்னிக் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அலுமினியத்தையும் வனேடியத்தையும் முற்றாக விலக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் இரும்பையும் ஒட்சிசனையும் சேர்த்தனர். இரும்பு ஏறத்தாழ 3 சதவீதம். ஒட்சிசன் அரைச் சதவீதம் அளவிற்குள்.

இதன் துணிவை உணர வேண்டுமானால் பழைய விதியை அறிந்திருக்க வேண்டும். டைட்டேனியத்தின் பரம எதிரியாகக் கருதப்பட்டு வந்தது ஒட்சிசனே. அது சற்று மிகுந்தால் உலோகம் கண்ணாடியைப் போல் நொறுங்கும். மருத்துவத் தேவைக்கான கலப்புலோகத்தில் அது 0.13 சதவீதத்தை விஞ்சக்கூடாது என்பது தர நிர்ணயம். இரும்போ, பெரிய வார்ப்புகளில் மெதுவாக உறையும்போது ஓரிடத்தில் திரண்டு பலவீனப் புள்ளிகளை உருவாக்கும். ஆனால் அச்சிடலில் ஒரு நேரத்தில் உருகுவது ஒரு சிறு துளியே. அது கண்ணிமைக்கும் பொழுதில் உறைந்துவிடுவதால் இரும்பு திரளுவதற்கு அவகாசமில்லை. மேலும், டைட்டேனியத்தில் இரு வகைப் பளிங்கமைப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்றை ஒட்சிசன் நாடுகிறது, மற்றதை இரும்பு நாடுகிறது. ஒட்சிசன் சென்ற பகுதி உறுதியையும், இரும்பு சென்ற பகுதி வளைந்துகொடுக்கும் தன்மையையும் வழங்குகின்றன. எதிரிகளெனக் கருதப்பட்ட இரண்டும் தத்தமக்குரிய இடத்தில் அமர்த்தப்பட்டபோது பணியாளராக மாறின.

ஒட்சிசனும் இரும்பும் மிகுந்திருக்கும் காரணத்தால் தரம் தாழ்ந்ததென ஒதுக்கப்படும் டைட்டேனியத்தையும் இவ்வழியில் பயன்படுத்தலாம் என அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். கழிவெனப் பட்டது மூலப்பொருளாகும் வாய்ப்பு இது.

நமது மணலில் இருப்பவை

இனி நமது நாட்டிற்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், முஸ்லிம்கள் செறிந்து வாழும் கரையோர ஊரான புல்மோட்டையின் கனிய மணல் உலகறிந்தது. 1957இல் இதற்கெனக் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இன்று இலங்கை கனிய மணல் நிறுவனம் என்னும் அரச நிறுவனம் அப்பணியைத் தொடர்கிறது. அந்த மணலில் மிகுதியாக இருப்பது இல்மனைட். ரூட்டைலும் சிர்க்கோனும் அதனோடு கிடைக்கின்றன.

இல்மனைட் என்பது டைட்டேனியம், இரும்பு, ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்த கனியம். தூய இல்மனைட்டின் நிறையில் ஏறத்தாழ 32 சதவீதம் டைட்டேனியம், 37 சதவீதம் இரும்பு, 32 சதவீதம் ஒட்சிசன். 2023ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கலந்த மூன்று தனிமங்களும் இவையே என்பதை வாசகர்கள் கவனித்திருப்பர். உலகம் பெரும் பணம் செலவிட்டு டைட்டேனியத்திலிருந்து முற்றாக விரட்ட முயன்ற இரு தனிமங்கள், அளவோடு நின்றால் நன்மையே செய்யும் என்பது தெளிவாகியிருக்கிறது.

இதனைக் கேட்டு, மணலை அள்ளி நேரே இயந்திரத்தில் இட்டால் மூட்டு வந்துவிடும் என எவரும் எண்ணிவிடக்கூடாது. 32 சதவீத ஒட்சிசனுக்கும் அரைச் சதவீத ஒட்சிசனுக்கும் இடையே இருப்பது ஒரு முழுத் தொழிற்றுறை. ஆனால் இலக்கு முழுமையான தூய்மை அன்று, அளவறிந்த தூய்மையே என்றாகும்போது அந்த இடைவெளியைக் கடக்கும் வழிகள் பெருகக்கூடும். இல்மனைட் தொன் கணக்கில் விலை பேசப்படுகிறது. அச்சிடலுக்கான டைட்டேனியத் தூள் கிலோ கணக்கில் விலை பேசப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள ஒவ்வொரு படியிலும் சேர்க்கப்படுவது அறிவே. நாம் மணலை ஏற்றுமதி செய்யும்போது, அந்தப் படிகள் அனைத்திலும் கிடைக்கும் தொழிலையும் சேர்த்தே ஏற்றுமதி செய்துவிடுகிறோம்.

அயலிலுள்ளோர் என்ன செய்தனர்? கேரளத்தின் கொல்லம் கரையிலும் தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சியிலும் இதே வகைக் கரிய மணல் உண்டு. கொல்லம் மாவட்டத்தின் சவறையில் அமைந்த கேரள அரசின் நிறுவனம் அந்த மணலிலிருந்து வெண்ணிற வர்ணப்பொடியைத் தயாரித்து வந்தது. ஹைதராபாத்தின் பாதுகாப்புத்துறை உலோகவியல் ஆய்வுகூடம் வகுத்த தொழில்நுட்பத்தையும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நிதியையும் கொண்டு, ஆண்டொன்றுக்கு 500 தொன் டைட்டேனியம் உற்பத்தி செய்யத்தக்க ஆலை 2011இல் அங்கே திறந்துவைக்கப்பட்டது. ஒரே இந்து சமுத்திரத்தின் அலைகள் ஒதுக்கிய மணல், ஒரு கரையில் உலோகமாகிறது, மறு கரையில் மூட்டையாகிறது. இதனை இயற்கையின் பாகுபாடு என்று எவரும் கூறமுடியாது.

மறந்துபோன ஒரு மரபு

இத்தகைய நுண்மையான உலோக அறிவு நமக்கு அந்நியமானதுமன்று. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ பகுதியில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழங்கால உலைகளைக் கில் ஜூலெஃப் என்னும் பிரித்தானியத் தொல்லியலாளர் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். கிறிஸ்துவுக்குப் பின் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கு இரும்பும் காபன் மிகுந்த உருக்கும் உற்பத்தியாகியுள்ளன. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கினால் ஆன வாள்களையும் குறிப்பிட்டுள்ளார். ஸரந்தீப் என்பது நமது நாடே.

அந்த மரபின் மற்றொரு கிளையாகத் தமிழகத்திலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் உருவான உருக்கே டமஸ்கஸ் வாள்களின் மூலப்பொருளாக விளங்கியது. அவ்வாள்களின் மேற்பரப்பில் தோன்றிய நீரலை போன்ற கோலத்திற்குக் காரணம், தாதுவோடு இயற்கையாக வந்த, ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த வனேடியம் போன்ற தனிமங்களே என்பதை ஜோன் வேர்ஹோவன் என்னும் அமெரிக்க உலோகவியலாளர் 1990களில் காட்டினார். அன்றைய கொல்லருக்கு வனேடியம் என்னும் பெயர் தெரியாது. எந்த ஊர்த் தாது நல்ல வாளைத் தரும் என்பது மாத்திரம் தெரியும். தாது மாறியபோது அக்கலையும் அழிந்தது. காரணம் அறியாத திறமை நிலைப்பதில்லை என்ற பாடத்தை இதிலிருந்து நாம் பெறல் வேண்டும்.

நமது கடமை

2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, மருந்துத் தட்டுப்பாடு காரணமாகப் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டதைக் கண்டி மாவட்ட மக்கள் மறந்திருக்க முடியாது. அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மடவளை என இப்பகுதி எங்கும் அந்த வைத்தியசாலையை நம்பியிருந்த குடும்பங்கள் உள்ளன. அன்று இல்லாமற்போனது மருந்து. எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கும் நிலை நீடிக்குமானால், நாளை இல்லாமற்போவது மூட்டாகவோ எலும்புத் தகடாகவோ இருக்கலாம். டைட்டேனியம் பற்றிய பேச்சு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஒரே பாய்ச்சலில் டைட்டேனிய ஆலை அமைப்பதை நாம் வற்புறுத்தவில்லை. அதற்கு வேண்டிய மின்சாரமும் முதலீடும் பெரிது. சிறிய படிகளிலிருந்து தொடங்கலாம். முதலாவது, இல்மனைட்டைச் செயற்கை ரூட்டைலாகவும் வர்ணப்பொடியாகவும் மாற்றுவது. இதற்கான வழிகளைப் பற்றி நமது நாட்டு ஆய்வாளர்கள் ஏற்கெனவே கட்டுரைகள் எழுதியுள்ளனர். அவை அலுமாரிகளில் உறங்காது ஆலைகளை எட்ட வேண்டும். இரண்டாவது, இறக்குமதி செய்யும் தூளைக் கொண்டேனும் நோயாளிக்குரிய பாகங்களை உள்நாட்டில் அச்சிடவும் சோதிக்கவும் பயிலுவது. 1964 முதல் பேராதனையில் இயங்கிவரும் பொறியியல் பீடமும் அதன் அருகிலேயே உள்ள மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் ஒன்றுசேர்ந்தால் இதற்குரிய களம் ஒரே வளாகத்தில் அமைந்துவிடும். மூன்றாவது, புல்மோட்டை மக்களுக்குரிய பங்கு. தமது கரையையும் மீன்பிடியையும் பாதிக்கும் அகழ்வுக்கு ஈடாக அம்மக்களின் பிள்ளைகள் கூலியாட்களாக மாத்திரமன்றி இரசாயனவியலாளர்களாகவும் அத்தொழிலுக்குள் நுழைதல் வேண்டும்.

அக்குறணைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. வணிகத்தால் வளர்ந்த ஊர் இது. இவ்வூர் வர்த்தகர்கள் நாடெங்கும் கடை நடத்துகின்றனர். பொருளை வாங்கி விற்பதில் இலாபம் காணும் திறன் நமக்குப் பழக்கமானதே. பொருளின் தன்மையை மாற்றி அதன் மதிப்பை உயர்த்தும் முயற்சியில் முதலீடு செய்யும் துணிவு இனிமேல்தான் வளர வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் பயிலும் நமது பிள்ளைகளுக்கு மருத்துவம், கணக்கியல் ஆகிய இரு பாதைகளை மாத்திரம் காட்டுவது போதாது. பேராதனைக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறும் மாணவர்களுள் ஒருவரேனும் உலோகப்பொருள்கள் பற்றிய துறையைத் தேர்ந்தெடுக்கட்டும். அவருக்கான புலமைப்பரிசிலை வழங்க ஊரின் செல்வந்தர்களும் சங்கங்களும் முன்வரட்டும்.

நூறு கிலோ உலோகத்தின் இயல்பை மாற்ற நூறு கிராம் போதும் என்று விஞ்ஞானம் கூறுகிறது. ஒரு சமூகத்தின் தொழில்வாழ்வை மாற்றவும் பெருங்கூட்டம் தேவையில்லை. அறிந்து தேர்ந்த சிலர், உரிய இடத்தில், உரிய காலத்தில் சேர்க்கப்படுவார்களாயின் அதுவே போதுமானதாகும்.